கும்பினியும் கம்பெனியும்

போச்சம்பள்ளியைச் சுற்றியுள்ள ஊர்களில் ஒரு வீட்டு வாசலில் நின்று, “பொண்ணு எங்கம்மா?” என்று கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில் இதுதான்: “கம்பெனிக்குப் போயிருக்கா.” ஸ்கூட்டர் கம்பெனியாக இருக்கலாம், ஷூ கம்பெனியாக இருக்கலாம், ஓசூர்ப் பக்கம் செல்போன் பாகம் செய்யும் கம்பெனியாகவும் இருக்கலாம். ஷிப்டு நேரத்துக்குக் கம்பெனி பஸ் வரும், போகும். இதே மண்ணில் இருநூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன்பும் அந்தச் சொல் புழங்கியது. அன்றைக்கு அதைக் கும்பினி என்றார்கள்; கிழக்கிந்தியக் கம்பெனிதான் அது. கும்பினி வரி வாங்கியது, நிலம் அளந்தது, படை வைத்திருந்தது, அரசர்களோடு உடன்படிக்கை செய்துகொண்டது.

சர்வதேச அரசியலைப் பற்றிப் படிப்பவர்கள் கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளாக ஒரு சிக்கலோடு மல்லுக்கட்டி வருகிறார்கள். உள்நாடு எங்கே முடிகிறது, வெளிநாடு எங்கே தொடங்குகிறது? அரசு எது, வணிகம் எது? கோடுகள் கலைந்துவிட்டன என்றும், எல்லாம் கலப்பாகிவிட்டது என்றும் சொல்லி, அதை உலகமயம் கொண்டுவந்த புது நிலைமையாகவே பெரும்பாலும் பேசுகிறார்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் இந்த மூலையிலிருந்து பார்த்தால் அது புதிதாகத் தெரியவில்லை.

முதலில் ஸ்கூட்டர். ஓலா எலெக்ட்ரிக் நிறுவனத்தின் தலைமையகம் பெங்களூரில், கர்நாடகத்தில். தொழிற்சாலை போச்சம்பள்ளியில், தமிழ்நாட்டில். 2020 டிசம்பரில் 2,400 கோடி ரூபாய் முதலீட்டுக்கான புரிந்துணர்வு ஒப்பந்தம் தமிழக அரசோடு கையெழுத்தானது. சுமார் 500 ஏக்கரில் 2021-இல் ஆலை எழுந்தது. வண்டியின் மூல வடிவம் ஆம்ஸ்டர்டாமில் இருந்த எட்டர்கோ என்ற சிறு நிறுவனத்துடையது. 2020 மே மாதம் அதை ஓலா வாங்கியது. முதலீட்டில் ஜப்பானின் சாஃப்ட்பேங்க் பணம் உண்டு. தொடக்கத்தில் மின்கலன்கள் தென்கொரியாவின் எல்ஜி நிறுவனத்திடமிருந்து வந்தன. விலையைக் குறைத்தது டெல்லியின் மானியம். வண்டியைப் பூட்டி முடிப்பவர்கள் பெண்கள். 10,000 பெண்களுக்கு வேலை தந்து, ஆலை முழுவதையும் அவர்களே நடத்துவார்கள் என்று 2021 செப்டம்பரில் நிறுவனம் அறிவித்தது. இந்த வண்டி எந்த நாட்டுப் பொருள் என்ற கேள்விக்கு ஒரு சொல்லில் பதில் கிடையாது.

(தெலங்கானாவில் பட்டுச்சேலைக்கும் வினோபாவின் பூதான இயக்கத்துக்கும் பேர்போன போச்சம்பள்ளி வேறு. இது வாரச்சந்தைக்கும் பாரூர் ஏரிக்கும் பக்கத்திலுள்ள போச்சம்பள்ளி.)

சர்வதேச அரசியல் தனிப் படிப்பாகப் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்தது 1919-இல், வேல்ஸ் நாட்டின் அபெரிஸ்ட்வித்தில். முதல் உலகப்போரின் பிணக்குவியலுக்கு நடுவே பிறந்த படிப்பு அது. இனி போர் வராமல் தடுப்பது எப்படி என்பதே அதன் முதல் கவலை. அதற்கு ஒரு வரைபடம் தேவைப்பட்டது. 1648-இல் ஐரோப்பாவில் ஏற்பட்ட வெஸ்ட்ஃபேலியா அமைதி உடன்படிக்கைகளை அந்த வரைபடத்தின் தொடக்கமாக வைத்துக்கொண்டார்கள். உலகம் இறையாண்மை கொண்ட அரசுகளால் ஆனது. எல்லைக்குள்ளே சட்டம், எல்லைக்கு வெளியே பேரமும் போரும். நிறுவனங்கள், மாநிலங்கள், கோயில்கள், இயக்கங்கள் எல்லாம் அரசு என்ற பெட்டிக்குள் அடங்கியவை. நெடுங்காலம் பாடப்புத்தகம் இதைத்தான் சொல்லிக்கொடுத்தது.

இந்தப் பெட்டியைத் தட்டிப் பார்த்தவர்கள் உண்டு. வெளிநாட்டோடு பேசும் தலைவர் அதே நேரத்தில் உள்நாட்டோடும் பேரம் நடத்துகிறார் என்று ராபர்ட் புட்னம் 1988-இல் விளக்கினார். உள்ளே, வெளியே என்ற பிரிவினையே இந்தத் துறை தன் வசதிக்காகக் கட்டிக்கொண்டது என்று ஆர்.பி.ஜே. வாக்கர் 1993-இல் வாதிட்டார். இவர்களையெல்லாம்விடப் போச்சம்பள்ளிக்கு நெருக்கமானவர் சூசன் ஸ்ட்ரேஞ்ச். ஜான் ஸ்டாப்ஃபோர்டும் அவரும் சேர்ந்து 1991-இல் வெளியிட்ட நூலில் ராஜதந்திரம் மூன்று முனை கொண்டது என்றார்கள். அரசும் அரசும் பேசுவது ஒன்று, அரசும் நிறுவனமும் பேசுவது இன்னொன்று, நிறுவனமும் நிறுவனமும் பேசுவது மூன்றாவது. தமிழ்நாட்டில் ஒரு சிப்காட் தொழில் வளாகம் உருவாகும் விதத்தைப் பார்த்தவருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஆனால் இவர்களில் பலரும் சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. கோடு முதலில் தெளிவாக இருந்து, பிறகு கலைந்தது என்பதுபோலவே இந்தப் பேச்சு நடக்கிறது. கோடு எப்போது தெளிவாக இருந்தது?

கிருஷ்ணகிரி வட்டாரத்துக்குப் பழைய பெயர் பாராமகால். பன்னிரண்டு கோட்டைகளின் நாடு என்று பெயருக்குப் பொருள் சொல்வார்கள். மைசூர் மேட்டுநிலத்திலிருந்து தமிழகத்துச் சமவெளிக்கு இறங்கும் கணவாய்கள் இங்கே இருப்பதால் படைகள் ஏறி இறங்கிய வழி இது. 1767-இல் ஹைதர் அலி காவேரிப்பட்டினம் கோட்டையைக் கும்பினிப் படையிடமிருந்து கைப்பற்றினார். கால் நூற்றாண்டு கழித்து, 1792 மார்ச்சில், ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் தன் நாட்டில் பாதியை இழந்தார். 3 கோடியே 30 லட்ச ரூபாய் இழப்பீடு தர ஒப்புக்கொண்டு இரண்டு மகன்களைப் பிணையாக அனுப்பினார். பாராமகால் கும்பினியின் பங்குக்கு வந்தது. ஓசூர்ப் பகுதி, 1799-இல் திப்பு வீழ்ந்த பிறகு, கைமாறியது.

அந்த உடன்படிக்கையின் மறுபக்கத்தில் நின்றவர்கள் யார் என்பது முக்கியம். ஹைதராபாத் நிஜாம் ஒருவர். பெயருக்கு அவர் முகலாயப் பேரரசரின் அதிகாரி. மராட்டியர்கள் இன்னொரு தரப்பு; அவர்கள் பல தலைமைகளின் கூட்டணி. மூன்றாவது தரப்பு லண்டனில் பங்குதாரர்களுக்கு லாபப் பங்கு கொடுத்துக்கொண்டிருந்த ஒரு வணிக நிறுவனம். 1600-இல் இங்கிலாந்து அரசி வழங்கிய சாசனத்தால் பிறந்த அந்த நிறுவனம், 1765 முதல் முகலாயப் பேரரசரின் திவானாக வங்காளத்தில் வரி வாங்கியது. ஆக, ஒரே நேரத்தில் ஒரு மன்னருக்குக் குடி, இன்னொரு மன்னருக்கு அலுவலர். அதற்குச் சொந்தப் படை இருந்தது, நாணயச் சாலை இருந்தது, நீதிமன்றம் இருந்தது. வரலாற்றாசிரியர் ஃபிலிப் ஸ்டெர்ன் 2011-இல் எழுதிய நூலில் இதைக் கம்பெனி அரசு என்று அழைத்தார். வணிகம் செய்யப்போய்த் தற்செயலாக நாடு பிடித்த நிறுவனம் என்ற பழைய கதையை அவர் ஏற்கவில்லை; தொடக்கத்திலிருந்தே அது அரசாகவும் நடந்துகொண்டது என்றார். 2020-இல் ஆண்ட்ரூ ஃபிலிப்ஸ், ஜே.சி. ஷார்மன் இருவரும் இன்னும் ஒரு படி போனார்கள்: நவீன உலகின் முதல் உண்மையான சர்வதேச ஒழுங்கைக் கட்டியதில் இப்படிப்பட்ட கம்பெனி அரசுகளுக்கே பெரும் பங்கு என்பது அவர்கள் வாதம்.

பாராமகாலை ஆள கார்ன்வாலிஸ் பிரபு அனுப்பியவர் ஒரு படை அதிகாரி, கேப்டன் அலெக்சாண்டர் ரீட். சென்னையில் இருந்த சிவில் அதிகாரிகளுக்கு ஊர்மொழி தெரியாது; ரீடுக்கும் அவருடைய உதவியாளர்களுக்கும் தெரிந்திருந்தது. திருப்பத்தூரைத் தலைமையிடமாகக் கொண்டு ரீட் வேலை செய்தார். அவருக்குக் கீழே மெக்லியாட், கிரகாம், பிறகு தமிழகம் முழுவதும் அறிந்த பெயராகிய தாமஸ் மன்றோ. 1792 முதல் 1799 வரை மன்றோ இங்கே குதிரையில் ஊர் ஊராகப் போய் நிலத்தை அளக்கவும், இடையில் ஜமீன்தார் இல்லாமல் ஒவ்வொரு குடியானவரிடமும் நேராகக் கிஸ்தி (நிலவரி) பேசவும் கற்றுக்கொண்டார். ரயத்துவாரி முறை இந்தக் காடுமேடுகளில்தான் உருக்கொண்டது. 1820-இல் சென்னை ஆளுநரான மன்றோ அதை மாகாணத்தின் பொது முறையாக்கினார்.

ஒரு படைவீரர், ஒரு வணிக நிறுவனத்தின் ஊழியராக, ஓர் அரசின் வேலையைச் செய்தார். அந்த வேலைக்கு வைத்த பெயர் கலெக்டர். வரி வசூலிப்பவர் என்பதற்கு மேல் அந்தச் சொல்லில் வேறு பொருள் இல்லை. கும்பினி ஆட்சி 1858-இல் போய்விட்டது. 1874-இல் நிறுவனமே கலைக்கப்பட்டது. பதவி இன்னும் இருக்கிறது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் கிருஷ்ணகிரி ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுவை நீட்டுகிறவர்கள், “கலெக்டர் ஐயா” என்றும் “கலெக்டர் அம்மா” என்றும்தான் இன்றைக்கும் அழைக்கிறார்கள்.

சுதந்திர இந்தியாவில் அரசு இந்தப் பக்கம், வணிகம் அந்தப் பக்கம் என்று பிரிந்துவிட்டதா? ஓசூரைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. 1984-இல் தொடங்கிய டைட்டன் நிறுவனத்தின் பெயரிலேயே கலப்பு இருக்கிறது: டாடா இண்டஸ்ட்ரீஸ் என்பதன் முதலெழுத்துகளும் தமிழ்நாட்டின் ஆங்கில முதலெழுத்துகளும் சேர்ந்த பெயர் அது. தமிழக அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோ அதில் 27 சதவீதத்துக்கும் மேல் பங்கு வைத்திருக்கிறது. டாடா குழுமத்தின் பங்கைவிட இது கூடுதல். 2011-இல் டைட்டன், 1737-இல் தோன்றிய ஃபேவர் லூபா என்ற சுவிட்சர்லாந்துக் கடிகாரப் பெயரை வாங்கியது. 2023-இல் அதை விற்கும்வரை ஒரு சுவிஸ் பாரம்பரியத்தில் தமிழ்நாட்டு அரசுக்கும் மறைமுகமான பங்கு இருந்தது.

வெளியுறவு, அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணைப்படி, ஒன்றியப் பட்டியலில் இருக்கிறது. அந்நிய நாட்டோடு உடன்படிக்கை செய்யும் உரிமை மாநிலத்துக்குக் கிடையாது. ஆனால் ஆலைக்கு வேண்டிய நிலம், தண்ணீர், சாலை, மின்சாரம் எல்லாவற்றிலும் மாநிலத்தின் கை இருக்கிறது. அதனால்தான் தமிழக முதல்வர் 2022-இல் துபாய்க்கும், 2023-இல் சிங்கப்பூருக்கும் ஜப்பானுக்கும், 2024-இல் ஸ்பெயினுக்கும் அமெரிக்காவுக்கும் முதலீடு தேடிப் போனார். டெல்லியும் இதை உணர்ந்து 2014-இல் வெளியுறவு அமைச்சகத்துக்குள் மாநிலங்களுக்கென்று தனிப் பிரிவு தொடங்கியது. மாநிலத்துக்கும் மாநிலத்துக்கும் நடுவிலும் இப்போது அயலுறவு போன்ற ஏதோ ஒன்று நடக்கிறது. 2022 செப்டம்பரில் ஓசூர் டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஆலை வேலைக்காக ஜார்க்கண்டிலிருந்து நூற்றுக்கணக்கான இளம்பெண்கள் தனி ரயிலில் வந்தார்கள். அவர்களை வழியனுப்பியது அரசு. மொழி தெரியாத ஊருக்குப் பிள்ளைகளை வேலைக்கு அனுப்பும் அரசு என்றால் பிலிப்பைன்ஸ், இலங்கை போன்ற நாடுகள்தான் நினைவுக்கு வரும். இங்கே அது ஒரே நாட்டுக்குள் நடந்தது.

இனி ஷூ கம்பெனி. பர்கூர் சிப்காட்டில் தைவானின் ஃபெங் டே குழுமத்தைச் சேர்ந்த காலணி ஆலை இருக்கிறது. நைக்கிக்குக் காலணி செய்துகொடுக்கும் குழுமம் அது. இந்தியா 1950 முதல் சீன மக்கள் குடியரசோடுதான் தூதரக உறவு வைத்திருக்கிறது. தைவானோடு அப்படி எதுவும் இல்லை. ஆகவே 1995-இல் தைபேயில் இந்தியா – தைபே சங்கம் என்ற பெயரில் ஓர் அலுவலகம் திறக்கப்பட்டது. தைவானின் பொருளாதார, பண்பாட்டு மையம் டெல்லியிலும், 2012 முதல் சென்னையிலும் செயல்படுகிறது. இவை தூதரகங்கள் அல்ல. ஆனால் தூதரக வேலைகளைச் செய்கின்றன. 2018 டிசம்பரில் இருதரப்பு முதலீட்டு ஒப்பந்தம் கையெழுத்தானபோது போட்ட கையொப்பங்கள் அந்தச் சங்கத்துடையதும் மையத்துடையதும்தான். சட்டத்தின் கண்ணில் இல்லாத உறவு ஒன்று பர்கூரில் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் மாதச் சம்பளமாக நிற்கிறது. பாடப்புத்தகத்து வரைபடத்தில் இதைக் குறிக்க இடம் இல்லை.

நாட்டெல்லை இப்படித் தளர்ந்து கிடக்க, நாட்டுக்குள்ளே இருக்கும் மாநில எல்லை சில வேளைகளில் இரும்பாக இறுகிவிடுகிறது. கிருஷ்ணகிரி மாங்கூழ் வளைகுடா நாடுகளுக்கும் ஐரோப்பாவுக்கும் கப்பல் ஏறுகிறது. ஆனால் 2025 ஜூனில் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்ட நிர்வாகம், தன் விவசாயிகளுக்கு விலை கிடைக்க வேண்டும் என்பதற்காக, வெளிமாநிலத்துப் பெங்களூரா மாங்காய் உள்ளே வரத் தடை போட்டது. சோதனைச் சாவடிகளில் வண்டிகளைத் தடுத்தார்கள். கர்நாடக முதல்வர் சித்தராமையா ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடுவுக்குக் கடிதம் எழுதி எதிர்ப்புத் தெரிவித்தார். நாட்டுக்குள் வணிகம் தடையின்றி நடக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 301-ஆவது பிரிவு சொல்கிறது. கூழாக மாறிய மாம்பழம் கடல் தாண்டிவிடுகிறது. காயாக இருக்கும்போது அது பக்கத்து மாவட்டத்துக்குள் போக முடியவில்லை.

ஓசூர் விமான நிலையத்தின் கதை இன்னும் பொருத்தமானது. 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடிப் பேர் வந்துபோகும் பன்னாட்டு விமான நிலையம் அமைக்கப்படும் என்று 2024 ஜூனில் சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்தது. குறுக்கே நிற்பது 20 ஆண்டுக்கு முந்தைய ஒரு காகிதம். பெங்களூர் விமான நிலையத்தை நடத்தும் நிறுவனத்தோடு ஒன்றிய அரசு 2004-இல் செய்த சலுகை ஒப்பந்தம், அந்த நிலையம் திறந்து 25 ஆண்டு முடியும்வரை, அதாவது 2033 வரை, 150 கிலோமீட்டர் தொலைவுக்குள் புதிதாக ஒரு பன்னாட்டு விமான நிலையம் வருவதைக் கட்டுப்படுத்துகிறது. அந்த நிறுவனத்தின் தொடக்கப் பங்குதாரர்கள் ஜெர்மனியின் சீமென்ஸ், ஜூரிச் விமான நிலையம், எல் அண்ட் டி, இந்திய விமான நிலையங்கள் ஆணையம், கர்நாடக அரசின் தொழில் நிறுவனம் ஆகியோர். இன்று பெரும்பங்கு கனடாவின் ஃபேர்ஃபாக்ஸ் வசம். ஆக, தமிழ்நாட்டு மண்ணில் எதைக் கட்டலாம் என்பதைத் தீர்மானிப்பதில் தமிழ்நாடு கையெழுத்தே போடாத ஒரு வணிக ஒப்பந்தத்துக்கும் இடம் இருக்கிறது. ஸ்ட்ரேஞ்சும் ஸ்டாப்ஃபோர்டும் சொன்ன மூன்று முனையும் இங்கே ஒரே காகிதத்தில் சந்திக்கின்றன.

கலப்பு என்ற சொல்லைக் கொண்டாட்டமாகப் பயன்படுத்துகிற ஒரு மரபும் உண்டு. 1994-இல் வெளிவந்த ஹோமி பாபாவின் நூலுக்குப் பிறகு, ஆள்பவர், ஆளப்படுபவர் என்ற பிரிவைக் கலப்பு குலைக்கிறது, ஆளப்படுபவருக்குத் தப்பிக்க ஓர் இடுக்கு கிடைக்கிறது என்ற வாசிப்பு பரவியது. பண்பாட்டைப் பற்றிய பேச்சில் அதற்கு மதிப்பு உண்டு. தெலுங்கும் கன்னடமும் தமிழும் ஒரே தெருவில் புழங்கும் ஓசூரில் அதை மறுக்கத் தேவையில்லை. ஆனால் அதிகாரம் கலக்கும்போது நடப்பது வேறு. இலங்கையில் 2002-இல் நார்வேயின் முயற்சியால் போர்நிறுத்தம் வந்த பிறகு வன்னியில் வாழ்ந்தவர்களுக்கு இது தெரியும். நீதிமன்றமும் காவல்துறையும் வரியும் விடுதலைப் புலிகளுடையவை. ஆசிரியர் சம்பளமும் மருத்துவமனையும் கச்சேரி எனப்படும் மாவட்டச் செயலகமும் கொழும்பு அரசுடையவை. இரண்டு அரசுகள் ஒரே ஊரை ஆண்டன. இறுதிப் போரில் மக்களைக் காக்கும் பொறுப்பை இரண்டும் ஏற்கவில்லை. கலப்பு ஆட்சி என்று ஆய்வாளர்கள் எழுதும்போது அந்தக் கணக்கையும் சேர்த்தே எழுத வேண்டும்.

இந்தப் பக்கத்திலும் ஒரு சம்பவம் இருக்கிறது. கிருஷ்ணகிரிக்கு வடக்கே, எல்லைக்கு அப்பால், கோலார் மாவட்டம் நரசாபுராவில் தைவானின் விஸ்ட்ரான் நிறுவனம் ஆப்பிளுக்கு ஐபோன் செய்துவந்தது. 2020 டிசம்பர் 12 அன்று, சம்பளம் முறையாக வரவில்லை என்று கொதித்த தொழிலாளர்கள் ஆலையைச் சூறையாடினார்கள். தொழிலாளர் சட்டம் மீறப்பட்டிருந்ததைக் கர்நாடக அரசின் ஆய்வு கண்டது. ஆனால் ஆலை நிர்வாகத்தை உடனே அசைத்தது கலிபோர்னியாவிலிருந்து வந்த முடிவு: தவறுகளைச் சரிசெய்யும்வரை விஸ்ட்ரானுக்குப் புதிய வேலை கிடையாது என்று ஆப்பிள் ஒரு வாரத்தில் அறிவித்தது. 2023-இல் அந்த ஆலை டாடா கைக்குப் போனது. வாங்குகிற நிறுவனத்தின் நடத்தை விதிகள் சட்டத்தைப் போல வேலை செய்தன. ஆனால் அந்தச் சட்டத்தை இயற்றியவரைத் தொழிலாளி தேர்ந்தெடுக்கவில்லை. அவரிடம் மனு கொடுக்கத் திங்கட்கிழமையும் இல்லை.

எந்தக் கோடு கலைந்தது என்று கேட்பதோடு நின்றுவிடும் ஆய்வு பாதி வழியில் நின்றுவிட்ட ஆய்வு. கலைந்த இடத்தில் பதில் சொல்ல வேண்டியவர் யார் என்பது அடுத்த கேள்வி. 1792-இல் பாராமகாலில் கிஸ்தி கட்ட முடியாத குடியானவருக்கு அது எளிதான கேள்வியாக இருக்கவில்லை. ரீடிடம் சொல்லலாம், ரீட் சென்னைக்கு எழுத வேண்டும், சென்னை லண்டனில் இயக்குநர் குழுவுக்கு எழுத வேண்டும், அந்தக் குழுவுக்கு மேல் நாடாளுமன்றம் அமைத்த கட்டுப்பாட்டு வாரியம். கடிதம் போய்வரக் கப்பலில் ஓராண்டு ஆகும்.

இன்று போச்சம்பள்ளியில் வயல் வைத்திருப்பவரின் கேள்வி தண்ணீரைப் பற்றியது. கர்நாடகத்தின் நந்தி மலையில் பிறக்கும் தென்பெண்ணை, பெங்களூரின் சாக்கடையையும் ஆலைக் கழிவையும் வாங்கிக்கொண்டு ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணைக்கு வரும்போது மலைபோல் நுரை பொங்குகிறது. அங்கிருந்து கிருஷ்ணகிரி அணை, அதன் கீழே நெடுங்கல் அணைக்கட்டு, அங்கிருந்து கால்வாய் வழியாகப் பாரூர் பெரிய ஏரி. அந்த ஏரியை நம்பித்தான் நெல். ஆற்றின் துணையாறான மார்க்கண்டேய நதியில் கர்நாடகம் யார்கோலில் அணை கட்டியபோது தமிழ்நாடு 2018-இல் உச்ச நீதிமன்றம் போனது. கையில் எடுத்துச் சென்ற முக்கிய ஆதாரம் 1892-இல் மைசூர் சமஸ்தானமும் சென்னை மாகாணமும் செய்துகொண்ட உடன்படிக்கை. அதில் ஒரு தரப்பு பிரிட்டிஷ் முடியின் மேலாண்மைக்குக் கீழ்ப்பட்ட மன்னர். இன்னொரு தரப்பு கும்பினியிடமிருந்து அந்த முடியின் கைக்கு வந்த மாகாணம். இரண்டும் இன்று இல்லை. 2019 நவம்பர் 14 அன்று நீதிமன்றம் இடைக்கால மனுவைத் தள்ளி, நடுவர் மன்றம் கேட்டு ஒன்றிய அரசிடம் போகச் சொன்னது.

கிருஷ்ணகிரி ஆட்சியர் அலுவலகத்தில் பாரூர் ஏரிப் பாசனக்காரர் நீட்டும் மனுவில் இந்த வரலாறு எதுவும் இருக்காது. ஏரிக்குத் தண்ணீர் விட வேண்டும், வருகிற தண்ணீர் சுத்தமாக வேண்டும் என்று இரண்டு வரிகள் இருக்கும். கீழே கையெழுத்தும் சர்வே எண்ணும்.